கடல் முள்ளெலிகளின் வரலாறும் காரணங்காணும் முறையும்

உயிரினங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்குப் பாறைகளிற் பதிந்த உயிர்ச்சுவடுகளே ஆவணங்களாகும். யாது நிகழ்ந்தது என்பதை அவை ஓரளவு தெளிவாகக் கூறும்; ஏன் நிகழ்ந்தது என்பதை எளிதிற் கூறமாட்டா. கடல் முள்ளெலிகளின் கூர்ப்பு வரலாறு இதனை நன்கு புலப்படுத்துகின்றது.

ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இவை கடல்களில் வாழ்ந்தன. அப்பண்டைய இனங்கள் பலவற்றின் ஓடு, ஒன்றன்மேலொன்று படிந்து நெகிழும் தகடுகளாலானது. 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் காலத்தின் இறுதியில் நேர்ந்த பேரழிவில் மிகச் சில கிளைகளே எஞ்சின. அவற்றின் வழிவந்தனவற்றுட் பெரும்பாலானவை இறுகிய ஓடு பெற்றன. யுராசிக் காலத்தின் முற்பகுதியில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. சில கிளைகளில் மலவாய் உச்சியினின்று பின்புறம் நகர்ந்தது. முட்கள் குறுகிப் பலவாயின. மணலினுட் புதைந்து வாழ்தற்கேற்ற உடலமைப்பு உருவாயிற்று.

இம்மாற்றத்திற்கு இரைகௌவிகளே காரணம் எனக் கருதத் தோன்றுதல் இயல்பே. மெசோசோயிக் ஊழியில் ஓடுகளை உடைத்தும் துளைத்தும் உண்ணும் விலங்குகள் பெருகின என்றும், அதனால் இரைகளின் தற்காப்பும் மாறிற்று என்றும் கீராட் வெர்மேய் 1977 ஆம் ஆண்டில் நிறுவ முற்பட்டார். கடல்வாழ் நத்தைகளை முதன்மைச் சான்றாகக் கொண்ட அக்கொள்கை, முள்ளெலிகளுக்கும் பொருந்துமா என்பதே வினா.

இவ்வினாவுக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று ஓட்டிலுள்ள துளையாகும். ஒருவகைக் கடல் நத்தைகள் சல்பூரிக்கமிலங் கலந்த உமிழ்நீரால் முள்ளெலியின் ஓட்டை மென்மையாக்கி, அராவுநாவினால் வட்டமாக அறுத்து உட்பகுதியை உண்கின்றன. ஆயின் இத்துளைகள் கிரெற்றேசியஸ் காலத்தில் அரிதாகவும், அதன்பின் வந்த சீனோசோயிக் ஊழியில் மிகுதியாகவும் காணப்படுகின்றன என 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. புதைவாழ்க்கையோ அதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது. விளைவுக்குப் பிந்தியதொன்று அவ்விளைவின் காரணமாதல் இயலாது. மேலும், மணலிற் புதைந்தவையும் இந்நத்தைகளுக்குத் தப்பவில்லை.

இதனால் இரைகௌவிகளுக்குப் பங்கேயில்லை எனத் துணிதலும் தவறாகும். துளைப்பது தடயத்தை விட்டுச்செல்லும். நொறுக்குவது தடயத்தையே அழித்துவிடும். மீனும் நண்டும் உடைத்த ஓட்டின் துண்டுகளை, அலையால் உடைந்தனவற்றினின்று பிரித்தறிதல் அரிது. மணலிற் செறிந்த உணவும் புதைவாழ்க்கைக்கு ஒரு தூண்டுதலாயிருந்திருக்கலாம்.

மேலும், முள்ளெலி இரையாக மட்டும் வாழ்ந்ததன்று. திரையாசிக் காலக் கடலல்லிகளின் தண்டுகளில் முள்ளெலிகளின் பற்கள் பதித்த கீறல்கள் உள்ளன என 2010 இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. நிலைத்து நின்ற கடலல்லிகள் பல இடம்பெயர வல்லனவாக மாறியமைக்கு இத்தாக்குதலும் ஏதுவாயிற்று என்பது அவ்வாய்வாளர் கருத்து. தன் கூர்ப்பில் இரைகௌவிகளின் நெருக்குதலுக்குட்பட்டதாகக் கருதப்படும் உயிரே, பிறிதோர் உயிரின் கூர்ப்பை நெருக்கியதாகவும் காணப்படுகின்றது.

ஆகவே, இரைகௌவிகள் முள்ளெலிகளை உருவாக்கின எனப் பொதுப்படக் கூறுதல் போதாது. எந்த இரைகௌவி, எக்காலத்தில், எவ்வுறுப்பின் மாற்றத்திற்குக் காரணமாயிற்று எனத் தனித்தனியே வினவுதல் வேண்டும். எஞ்சிய சான்று கூறுவதையும், சான்று எஞ்சாமைக்குரிய காரணத்தையும் ஒருங்கே எடைபோடுதல் மாந்தர் வரலாற்றாசிரியனுக்குப் போன்றே உயிர்வரலாற்றாசிரியனுக்கும் உரிய கடமையாகும்.