ஊர் வரலாற்றை யார் எழுதினார்கள்? அனுமந்தைக் கரையை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருவேல்பட்டு என்றொரு ஊர் உண்டு. 1916இல் தொடங்கி 1936–37, 1961, 1981, 2008 என ஐந்து முறை ஆய்வாளர்கள் அங்கே போய்க் கணக்கெடுத்திருக்கிறார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர், கூலி எவ்வளவு, யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்பதெல்லாம் தொண்ணூறு ஆண்டுத் தொடராக அச்சில் கிடைக்கிறது. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் அனுமந்தை. ஒருபுறம் கடலும் மீனவர் குப்பமும், மறுபுறம் கழுவெளி என்னும் ஈரநிலம், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். இந்தக் கரைக்கு அப்படியொரு தொடர் வாய்க்கவில்லை. காரணத்தைத் தேடினால், தமிழகத்தில் ஊர் வரலாறு எழுதப்பட்ட முறையே வெளிப்படுகிறது.

இருவேல்பட்டுக் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பொருளியலாளர், ஆங்கில ஊர்களின் பொதுநிலங்கள் வேலியடைத்துப் பறிபோன வரலாற்றை 1907இல் நூலாக்கியவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்தார். வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். அதன் விளைவே, இருவேல்பட்டும் இடம்பெற்று 1918இல் வந்த ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ தொகுதி. அருமையான யோசனைதான். ஆனால் அன்றைக்குக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். இப்பகுதியை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடற்கரை ஊர் எதுவும் அத்தொகுதியில் இல்லாததில் வியப்பில்லை. உப்பு வாருகிறவர் வீட்டிலிருந்து 1916இல் யார் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்?

எழுத்து இந்தக் கரைக்குப் புதிதன்று. மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில், 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி 1760இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த, இதே கரையின் ஆலம்பரைக் கோட்டை இடம்பெறுகிறது. காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும்வரை தென்னாடெங்கும் கைபீது எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளைத் திரட்டினார். கார்ஸ்டின் 1878இல் தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டையும், பிரான்சிஸ் 1906இல் விவரச்சுவடியையும் எழுதினார்கள். இவற்றில் கோயில் பேசுகிறது, கோட்டை பேசுகிறது, வரி உரக்கப் பேசுகிறது. உப்புப் பாத்தியில் நின்றவர் குரல் கேட்பது அரிது.

வரி உரக்கப் பேசியதற்குக் காரணம் உண்டு. 1805இல் சென்னை மாகாணத்து உப்பு கிழக்கிந்தியக் கும்பினியின் ஏகபோகமானது. அதன்பின் விளைந்த உப்பு அரசுக்கே. அனுமதியில்லாமல் அள்ளினால் குற்றம். பிரெஞ்சுக்காரர்களோடு 1815இலும் 1818இலும் செய்த ஒப்பந்தங்களால், ஈட்டுத்தொகை கொடுத்துப் புதுச்சேரிப் பகுதி உப்பளங்களையும் மூடவைத்தார்கள். 1930இல் உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததை நாடறியும். உப்பு வரி 1947இல் ஒழிந்தது. இந்த நூற்று நாற்பது ஆண்டுக் காலத்தில் உப்பைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் உப்பைக் காவல் காத்தவர்கள். ஒரு தொழிலின் வரலாற்றை அதன் காவல்காரர் ஏட்டிலிருந்து மட்டும் எழுதினால், தொழிலாளி அதில் குற்றவாளியாகத்தான் வருவார்.

பக்கிங்காம் கால்வாயும் இப்படித்தான். 1806இல் சென்னைக்கு வடக்கே பாசில் காக்ரேன் என்பவர் தொடங்கிவைத்த வெட்டுவாய்க்கால் அது. தாது வருசப் பஞ்சத்தின்போது, 1877–78இல், நிவாரண வேலையாக அதை நீட்டித்தார்கள். அதன் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போன வழி அது. பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுக்கு. பசியோடு மண் வெட்டியவர்களின் ஊர்ப் பெயர்களைத் தேடுபவருக்கு அந்தப் பெயர்ப்பலகை உதவாது.

ஊருக்குள்ளேயே எழுதியவர் ஊர்க் கணக்கரான கர்ணம். அவர் எழுதியதும் நிலத்தைத்தான்: அடங்கல், சிட்டா, வரி. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கணக்கோடு சேர்த்து அவர்கள் நினைவில் வைத்திருந்த ஊர்ச் செய்திகளை யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

வாய்மொழி வரலாறு ஆங்கில ஊர்களில் 1956இலேயே வழி பிடித்துவிட்டது. சஃபோக்கின் பிளாக்ஸால் என்ற ஊரில் புல் அறுத்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் சொன்னதைக் கேட்டு ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் நூலாக்கினார். இங்கே அந்த வேலையை எழுத்தாளர்கள் செய்தார்கள். தூத்துக்குடி உப்பளத்தாரிடம் கேட்டறிந்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் உப்பின் சமூக வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். கி. ராஜநாராயணன் 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு, அனுமந்தையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சற்றுத் தூரம்தான்.

கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இனி பறவைகளின் கணக்கு ஒழுங்காக எழுதப்படும், மகிழ்ச்சி. மனிதர் கணக்கை எழுத ஸ்லேட்டரின் முறையே போதும். இப்போது உப்பளத்தார் வீட்டிலும் குப்பத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கால்வாயில் கடைசிப் படகு எப்போது போனது, வாருபலகை பிடித்த பெண்களுக்குக் கூலி எப்படி அளந்தார்கள், மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருந்த மாதங்களில் அடுப்பு எதனால் எரிந்தது, 2004 சுனாமியிலும் 2011 தானே புயலிலும் எந்தப் பாத்தி போனது என்று அவர்கள் தங்கள் பாட்டிகளிடம் கேட்கட்டும். எண்பதைக் கடந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே, வரும் கோடை விடுமுறைக்குள் அந்த வினாப்பட்டியலைத் தயாரித்துக் கொடுக்க இப்பகுதி ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.