‘இன் குவோ’மீது சுமத்தப்பட்ட பழி: உரோமையர் 5:12இல் அகுஸ்தீன் படித்தது என்ன?

சென்மப் பாவக் கோட்பாடு ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்தது என்பது ஆய்வுலகில் ஏறக்குறைய வாய்ப்பாடாகிவிட்டது. பவுல் கிரேக்கத்தில் எழுதிய ‘எஃப் ஹோ’ காரணப் பொருளில் வருவது; எல்லாரும் பாவம் செய்தமையால் சாவு எல்லாரிடமும் பரவியது என்பதே அவர் கருத்து. இலத்தீனில் அது ‘இன் குவோ’ ஆனது. கிரேக்கம் சரிவர அறியாத அகுஸ்தீன் அதை ‘அவனுக்குள்’ என்று படித்து, ஆதாமுக்குள் மனிதகுலமே பாவம் செய்தது என்று முடிவுகட்டினார் என்கிறது அந்த வாதம். கேட்பதற்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. அவருடைய நூல்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் படித்தால் கச்சிதம் கலைந்துவிடுகிறது.

கி.பி. 411-412இல் எழுதிய குழந்தைத் திருமுழுக்கு பற்றிய நூலில், ‘குவோ’ எதைச் சுட்டுகிறது என்பதில் அவர் பிடிவாதம் காட்டவில்லை. பாவத்தைச் சுட்டினாலும் சரி, அந்த முதல் மனிதனைச் சுட்டினாலும் சரி, இரண்டும் தமக்கு உடன்பாடே என்று விட்டுவிடுகிறார். 420ஐ ஒட்டி, பிறவிப் பாவத்தை மறுத்த பெலாஜியரின் இரு மடல்களுக்கு மறுப்பு எழுதும்போதுதான் நிலை மாறுகிறது. மாற்றியது எது? கிரேக்க இலக்கணம்.

பாவத்துக்கும் சாவுக்கும் பால் பிரிக்காத தமிழில் இந்த நுட்பம் எளிதில் பிடிபடாது. சற்று நின்று பார்க்க வேண்டும். இலத்தீனில் ‘பெக்காத்தும்’ (பாவம்) அலிப்பால், ‘மோர்ஸ்’ (சாவு) பெண்பால். எனவே ‘குவோ’ பாவத்தைச் சுட்டலாம். சாவைச் சுட்ட முடியாது. கிரேக்கத்தில் நிலைமை தலைகீழ். ‘ஹமார்த்தியா’ (பாவம்) பெண்பால், ‘தனத்தோஸ்’ (சாவு) ஆண்பால். அங்கே ‘ஹோ’ சாவைச் சுட்டலாம். பாவத்தைச் சுட்ட முடியாது. இதை எடுத்துச் சொல்பவர் வேறு யாருமல்லர், அகுஸ்தீனேதான். கிரேக்கத்தைப் பார்த்துப் பாவத்தைக் கழிக்கிறார், மனிதர் சாவுக்குள் பாவம் செய்தனர் என்பது பொருந்தாது என்று சாவையும் கழிக்கிறார், எஞ்சுவது ஆதாம். அவரது கிரேக்கப் புலமை பெரிதன்று என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மூலத்தைப் பாராமல் ஏமாந்தவர் என்ற சித்திரம் இந்தப் பத்தியோடு ஒத்துப்போகவில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: 412இல் இரண்டு பொருள்கோளையும் தாங்கி நின்ற கோட்பாடு, அந்தச் சொல்லை நம்பி நின்றதாக எப்படி இருக்க முடியும்?

‘குவோ’வையே எல்லாரும் உற்றுப் பார்த்ததில் இன்னொரு சொல் கவனத்திலிருந்து நழுவிவிட்டது. இன்று அச்சாகும் கிரேக்கப் பாடத்தில் ‘சாவு எல்லாரிடமும் பரவியது’ என்று எழுவாய் வெளிப்படையாக இருக்கிறது. அகுஸ்தீன் கையாண்ட பழைய இலத்தீன் பாடத்தில் ‘சாவு’ என்ற அந்த எழுவாய் இல்லை. மேற்கத்திய மரபைச் சேர்ந்த சில கிரேக்கப் பிரதிகளிலும் இல்லை. எழுவாய் மறைந்த வாக்கியத்தில் பரவியது எது? பாவம்தான் என்றார் அவர். ஆதாமிடமிருந்து வந்தது சாவு மட்டுமே என்று வாதிட்டோருக்கு எதிராக அவர் கையில் இருந்த கருவி இந்த வெற்றிடம். திண்ணமாகச் சொல்ல முடியாது என்றாலும், அவருடைய வாசிப்பைத் திருப்பியதில் ‘இன் குவோ’வைவிட இந்த விடுபாட்டுக்கே கூடுதல் பங்கு என்று தோன்றுகிறது. இது மொழிபெயர்ப்புப் பிழையன்று, பாடபேதம்.

இலத்தீன் சொல் அவரைக் கட்டிப்போட்டது என்பதும் ஐயத்துக்குரியது. பெலாஜியர் தரப்பில் நின்ற, எக்லானும் நகர ஆயர் யூலியான் அதே இலத்தீனைப் படித்தவர்தான். ‘இன் குவோ’ என்றால் ‘ஏனெனில்’ என்றுதான் பொருள் என்று அவர் அகுஸ்தீனோடு மல்லுக்கு நின்றார். காரணப் பொருள் இலத்தீன் காதுக்கு எட்டாததாக இருக்கவில்லை.

அப்படியானால் கோட்பாட்டின் வேர் எங்கே? திருமுழுக்குத் தொட்டியில். திருமுழுக்கு பாவ மன்னிப்புக்கானது. குழந்தைக்கும் அது தரப்படுகிறது. மனந்திரும்பவோ விசுவாச அறிக்கை செய்யவோ முடியாத குழந்தைக்கு மன்னிக்கப்படுவது யாருடைய பாவம்? இந்தக் கேள்வி அகுஸ்தீனுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. 66 ஆயர்கள் கூடி எடுத்த முடிவை ஃபீதுஸ் என்பவருக்கு எழுதிய கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியன், குழந்தையின் திருமுழுக்குக்கு எட்டாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம் என்றார். குழந்தை தானாகப் பாவம் செய்யவில்லை, ஆதாம் வழியாக வந்த பழைய சாவின் தொற்றுதான் அதற்கு உண்டு என்பது அவர் விளக்கம். அகுஸ்தீனும் 396-397இல் சிம்பிளிசியான் என்பவருக்கு எழுதியபோது, மனிதகுலம் ஒரே பாவத் திரள் என்பதற்குச் சாய்ந்துகொண்டது 1 கொரிந்தியர் 15:22இன்மீது.

418இல் கார்த்தேஜிலும் 1546இல் திரெந்திலும் கூடிய சங்கங்கள் உரோமையர் 5:12ஐத்தானே சான்று காட்டின என்று கேட்கலாம். சங்கங்கள் சான்று தேடுவது முடிவுக்கு வந்த பிறகு. அதை வேராகக் கொள்வது வரிசையைப் புரட்டுவது. கிரேக்கத்திலேயே படித்த கீழைத் திருச்சபை பிறவிக் குற்றம் பேசாமல் சாவுக்குரிய நிலையையே பேசியது உண்மை. அதற்கு ஒரு சொல்லுருபு மட்டும் காரணம் என்பதற்கு எவரும் சான்று தந்ததில்லை.

பிழை திருத்தப்பட்டபோது நடந்ததைப் பார்த்தால் போதும். கால்வின் 1540இல் வெளியிட்ட உரோமையர் மடல் உரையில் காரணப் பொருளையே ஏற்றார். சென்மப் பாவத்தை அகுஸ்தீனுக்குச் சற்றும் குறையாமல் போதித்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1979இல் வெளியிட்ட புதிய வுல்காத்தா என்ற இலத்தீன் விவிலியத்திலிருந்து ‘இன் குவோ’வை எடுத்துவிட்டது, 1992இன் மறைக்கல்வி நூலில் கோட்பாடு அப்படியே இருக்கிறது. தமிழிலும் 1871இன் ஐக்கியத் திருப்புதல் ‘படியால்’ என்று காரண ஈற்றைத்தான் இட்டது. அந்த வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பிரசங்கிமார் இன்றும் ஜென்ம பாவத்தைப் பிரசங்கிக்கிறார்கள்.