தெரியலைன்னா சொல்லிடணும்!

தாணேக்கு வந்த புதிதில் ஊர்ச் செய்தியை இணையத்தில் தேடியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. பக்கத்துக்குள்ளேயே "இந்த எழுத்துருவில் காட்டு" என்று ஒரு வரி இருக்கும். அது நம் கணினியில் இல்லையென்றால் உலாவி வாயே திறக்காது. வேறொன்றைப் போட்டு, தமிழைக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகக் காட்டிவிடும்.

ஏன் இந்த மௌனம்? அனுப்புவதில் கண்டிப்பு, வாங்குவதில் தாராளம் என்று 1980இல் ஜான் போஸ்டல் இணைய நெறிமுறைக்கு எழுதினார். புரியாததைத் தாண்டிப் போகும் இந்தப் பழக்கம் உலாவிகளிலும் இருந்தது. பழைய உலாவியில் புதுப் பக்கம் திறந்தது இதனால்தான், லாபம்தான்.

ஆனால் நிரலுக்கு நாம் எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பு வேறு விஷயம். அதில் ஓரெழுத்து பிசகினால், பூட்டியதாக நினைத்த கதவு திறந்தே கிடக்கும். தொலைதூரக் கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், தெரியாத அமைப்பைக் கண்டால் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கோப்பைப் படிக்கவேண்டுமே என்று, அதன் கிளையண்டில் 2013இல் 'இக்னோர்அன்னோன்' சேர்த்தார்கள். எதெதை விடலாம் என்று நாமே பெயர் சொல்லவேண்டும்.

எழுத்துருத் தொல்லையை யூனிகோடு தீர்த்தது. தெரியாததை நிரல் விட்டுத் தள்ளட்டும், சொல்லாமல் தள்ளக்கூடாது, அவ்வளவுதான்.