பார்த்திவசேகரபுரத்துச் சாலையும் பாடவேளை முரணும்

மாணாக்கன் ஒருவன் இரு பாடங்களை விழைகின்றான்; இரண்டும் ஒரே மணியில் அமைகின்றன; ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுகின்றான். பல்கலைக்கழகச் சேர்க்கையில் ஆண்டுதோறும் காணும் இவ்விடர் பழைய கல்விச் சாலைகளில் இருந்ததா, இருந்ததெனின் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதனைக் குமரி மாவட்டத்துச் செப்பேடு ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, முன்சிறைக்கு அருகில், பார்த்திவபுரம் என இன்று வழங்கும் ஊரில் பழமையான திருமால் கோயில் ஒன்று உளது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலமாற்றினாற் பெற்ற இடத்தில் கி.பி. 866இல் இதனை எடுப்பித்தான். ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றி 95 சட்டர்க்குச் சாலையும் அமைத்தான். இச்செய்திகளைக் கூறும் பட்டயம் திருவனந்தபுரத்து உசூர் அலுவலகத்தில் இருந்தமையின் உசூர் அலுவலகச் செப்பேடு எனப் பெயர் பெற்றது. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் டி. ஏ. கோபிநாதராவ் இதனை வெளியிட்டார்.

சட்டர் என்போர் அங்கு உண்டு உறைந்து பயின்ற மாணாக்கர். அவருள் பவிழிய சரணத்தார் 45 பேர், தைத்திரிய சரணத்தார் 36 பேர், தலவகார சரணத்தார் 14 பேர் எனப் பட்டயம் வகுக்கின்றது. இவை முறையே இருக்கு, யசுர், சாமம் என்னும் மறைகளின் கிளைகள் என்பர் அறிஞர். இம்மூன்றையும் கூட்டின் 95 ஆகின்றது; ஒன்றும் மிகவில்லை, ஒன்றும் குறையவில்லை. இக்கூட்டுத்தொகையை யாம் வெறும் கணக்காகக் கொள்ளவில்லை. ஒருவன் இரு சரணங்களிற் பதிந்திருப்பின் பகுதிகளின் தொகை 95ஐ விஞ்சும். எனவே ஓர் இடத்திற்கு ஒருவன், ஒருவனுக்கு ஒரு துறை என்பதே அங்கு நிலவிய முறை எனத் துணியலாம்.

அங்ஙனமாயின் இலக்கணம் யாண்டுக் கற்றனர்? வியாகரணப் பயிற்சியும், மூவேந்தர் நாட்டு நடைமுறை எனப் பொருள்படும் ‘திரைராச்சிய வியவகார’த்துக்குரிய தகுதியும் சாலையிற் புகுவார்க்கு முன்னரே வேண்டப்பட்டன. மறைக்கும் இலக்கணத்துக்கும் நேரக்கூடிய முரண் வகுப்பறை வரை வரவில்லை, வாயிலிலேயே களையப்பட்டது.

ஒப்புநோக்கற்கு எண்ணாயிரத்தைக் காண்க. முதலாம் இராசேந்திரன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1025இல், விழுப்புரப் பகுதியைச் சேர்ந்த அவ்வூரில் 340 மாணாக்கர் பயின்றனர். இளநிலையார் 270 பேர். முதுநிலையார் 70 பேர். இளையருள் 40 பேர் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலும், ஏனையோர் மறைக் கிளைகளும் பிறவும் பயின்றனர். முதியருள் வியாகரணம் 25, பிரபாகர மீமாஞ்சை 35, வேதாந்தம் 10. இங்கும் பகுதிகளின் தொகை முழுத்தொகைக்குச் சரியாகின்றது. ஆயின் குமரியில் வாயிலில் வேண்டப்பட்ட இலக்கணம் எண்ணாயிரத்தில் தனித்துறையாயிற்று. இளையனுக்கு நாள்தோறும் 6 நாழி நெல். முதியனுக்கு 1 குறுணி 2 நாழி.

நெல்லே இவ்வமைப்பின் திறவுகோல் என்பது எம் கருத்து. பழஞ்சாலையில் இடம் என்பது சோறு. இருவகுப்பிற் பதிதல் இருவர் சோற்றை ஒருவன் பெறுதலாய் முடியும். அதனை அறக்கட்டளை ஒப்பாது. முதலாம் இராசராசனது மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலைக் ‘கலம்’ மரக்கலமா உண்கலமா என்னும் வழக்கு நெடியது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் இச்சாலை பற்றித் தனிநூலே எழுதினார். அவ்வழக்கில் யாம் புகவில்லை. ஆயினும் சாலையும் உணவும் பிரியா என்பதற்கு மேற்கூறிய நெற்கணக்கே போதும்.

இனி, ஒருவனே மறையும் இலக்கணமும் பயில வேண்டின் வேளையை எவ்வாறு பகுத்தனர்? கல்வெட்டுகள் இடத்தையும் நெல்லையும் எண்ணுவன. மணியை எண்ணுவன அல்ல. மனு நூல் ஒரு விதி கூறுகின்றது: ஆண்டின் ஒரு பகுதியில் வளர்பிறையில் மறையும், தேய்பிறையில் மறையின் உறுப்பு நூல்களும் ஓதுக என்பது அது. இலக்கணம் அவ்வுறுப்புகளுள் ஒன்று. மறை ஓதலாகாத விடுப்பு நாள்களிலும் உறுப்பு நூல் ஓதத் தடையில்லை. திங்களே கால அட்டவணையாய் நின்று இரு கல்வியையும் ஒருவற்கு ஈந்தது! இவ்விதி பார்த்திவசேகரபுரத்தில் நடைமுறையில் இருந்தது எனக் கூற யாம் துணியோம். அக்காலக் கற்றோர் முரணைத் தீர்க்க எண்ணிய நெறிக்கு மட்டுமே சான்றாகக் காட்டினோம்.

இவ்வொழுங்கினைப் புகழுமுன் ஒன்று கூறல் வேண்டும். அச்சாலைகள் மறையோதும் மரபினர்க்கே உரியன. ஊரில் ஏனையோர்க்குப் பாடவேளை முரண் இல்லை. அவர்க்குச் சேர்க்கையே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் ரிங்கல்தௌபே கால்கொண்ட பின்னரும், 1893இல் நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி எழுந்த பின்னருமே அவ்வாயில் சிறிது சிறிதாகப் பலர்க்கும் திறந்தது. பலர் புகுந்தனர், பாடங்கள் பெருகின, மணியோ பெருகவில்லை. இடத்தின் முரண் தணிய, வேளையின் முரண் தோன்றிற்று.

தமிழகக் கலைக் கல்லூரிகளில் முதற் பகுதி மொழிப்பாடமாகத் தமிழையோ, மலையாளம், வடமொழி, இந்தி முதலிய பிறவற்றுள் ஒன்றையோ மாணாக்கர் தேர்கின்றனர். மாணாக்கர் எவரும் வேலையற்று நில்லாமைப் பொருட்டு இம்மொழி வகுப்புகள் பெரும்பாலும் ஒரே மணியில் வைக்கப்படும். நிருவாகத்திற்கு இது செவ்வையான ஏற்பாடு. விளவங்கோட்டுப் பக்கத்து மாணாக்கனுக்கோ இதனால் இழப்பு உண்டு. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் கேட்டு வளர்ந்தவன் இரண்டனையும் எழுத்தறிந்து கற்க விழையின் அட்டவணை தடுக்கின்றது. தன் ஊரை அடுத்த அச்செப்பேட்டையே அவன் படிக்கப் புகின் தமிழொடு வடமொழியும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே மணியில் வேறு வேறு அறைகளில் நிகழ்கின்றன.

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒருவர் ஒருங்கே இரு முழுநேரப் பட்டப்படிப்புகளைப் பயில இசைவளித்தது. நேர்முக வகுப்புகளாயின் ஒன்றன் வேளை மற்றொன்றன் வேளையொடு மோதலாகாது என்பது அதன் நிபந்தனை. இசைவு டில்லியிலிருந்து வந்தது. அட்டவணையை அந்தந்தக் கல்லூரியே வரைகின்றது. குமரி மாவட்டத்துத் தமிழ்த்துறைகள் வடமொழித் தொடக்கப் பாடத்தையும் வட்டெழுத்துப் பயிற்சியையும் மொழிப்பாட மணிக்குப் புறம்பே, பிற்பகலில், வாரம் இருமுறை வைக்க இயலும். அவ்வகுப்புக்கு முதற் பாடமாக உசூர் அலுவலகச் செப்பேட்டினைக் கொள்ளலாம்; பார்த்திவபுரத்துக் கோயிலுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு பிற்பகலிற் சென்று மீளலாம்.