வாணன் மகள் கண்ட கனவு
மெலட்டூர்ப் பாகவத மேள நாடகம் ஒன்றன் மரபு பற்றிய ஆராய்ச்சி

தோற்றுவாய்

நம் நாட்டிற் கூத்து இருவகையாக வளர்ந்து வந்துள்ளது. கூத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் ஊர்தோறும் சென்று ஆடுவது ஒருவகை. ஓர் ஊரார் தம் கோயிலின் முன்னர், தம்மூர் மக்கள் காண, ஆண்டிற்கு ஒருமுறை தாமே வேடம் புனைந்து ஆடுவது மற்றொருவகை. பின்னதனை ஊர்க்கூத்து என்று யாம் ஈண்டு வழங்குவோம். தொழிற்கூத்திற்குக் காண்போர் தரும் பொருள் உயிர். ஊர்க்கூத்திற்கோ தந்தையிடமிருந்து மகன் பெறும் உரிமையே உயிர். ஆகலின், தந்தை தன் மக்கட்கு எதனை விட்டுச் செல்கின்றான் என்னும் வினா ஊர்க்கூத்தின் உள்ளேயே உறைந்து கிடக்கின்றது.

இவ்வினாவையே கதைப்பொருளாகவும் கொண்ட ஊர்க்கூத்து ஒன்று உண்டு. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மெலட்டூரில் ஆடப்பெறும் பாகவத மேள நாடகங்களுள் ஒன்றாகிய ‘உஷா பரிணயம்’ அது. அதனைத் தனியே நோக்குவார்க்கு அஃது ஒரு காதற்கதை. அதே விழாவில் ஆடப்பெறும் பிரகலாத நாடகத்தோடும், சிலப்பதிகாரம் கூறும் ஆடல்களோடும் வைத்து நோக்குவார்க்கு, அது தந்தையும் மகளும் பற்றிய ஆழ்ந்த நாடகமாகப் புலப்படும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் விழாவும்

தஞ்சை நாயக்க மன்னருள் அச்சுதப்ப நாயக்கர், கலைவல்ல அந்தணக் குடும்பங்கட்கு நிலமும் மனையும் வழங்கி இவ்வூரிற் குடியமர்த்தினார் என்பது மரபுச் செய்தி. அதனால் அச்சுதபுரம் என்னும் பெயரும் இவ்வூர்க்கு வழங்கிற்று. பின்னர், மராத்தியர் ஆட்சிக்காலத்தில் (1676–1855) இங்கு வாழ்ந்த மெலட்டூர் வேங்கடராம சாத்திரியார் தெலுங்கு மொழியிற் பல இசை நாடகங்கள் இயற்றினார். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், அரிச்சந்திரா, உருக்குமாங்கதா, மார்க்கண்டேயா முதலியன அவற்றுட் சில. சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இம்மரபு விளங்கியிருந்தது.

நரசிங்கர் தோன்றிய நாளாகிய வைசாக வளர்பிறைச் சதுர்த்தசியை ஒட்டி மெலட்டூர் விழா நிகழும். வரதராசப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் அரங்கு அமைப்பர்; இறைவனே முதற்பார்வையாளன் என்பது கருத்து. கோணங்கி வந்து அவையை மகிழ்விக்க, தோடய மங்கலம் பாடப்பெறும். சிறுவன் ஒருவன் கணபதி வேடம் பூண்டு வருவான். அதன்பின் ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தருவோடு அரங்கு புகும். ஆடுவோர் பலரும் வேறு தொழில் புரிபவர். விழாக்காலத்தில் ஊர் திரும்பி வேடம் கட்டுபவர். பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்பர். முதல் இரவிற் பிரகலாத சரித்திரமும், தொடரும் இரவுகளில் ஏனைய நாடகங்களும் நிகழ்தல் வழக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலை நலிவுற்றபோது பாரதம் நடேச ஐயர் இதனைக் காத்தார். அடுத்து, பெண்வேடம் புனைந்து தாமே சதிர் ஆடிக்காட்டிய இ. கிருஷ்ண ஐயர் (1897–1968) இதன் சிறப்பை வெளியுலகு அறியச் செய்தார்.

கதையும் குடிவழியும்

உஷையின் கதை பாகவத புராணத்தின் 10-ஆம் கந்தத்து 62, 63-ஆம் அத்தியாயங்களில் உள்ளது. மாவலியின் மகன் வாணன் ஆயிரந்தோள் உடையவன். சிவபெருமானிடத்து அன்பு மிக்கவன். தன் தோள்கட்கு ஏற்ற போர் வாய்க்கவில்லை என்றும், அவை தனக்குச் சுமையாயின என்றும் இறைவனிடமே சென்று முறையிடுகின்றான். ‘உன் கொடி முறிந்து வீழும் நாளில் எனக்கு நிகரானவனொடு உனக்குப் போர் வரும்’ என்பது அவன் பெற்ற விடை. அதனை வரமெனக் கொண்டு வாணன் மகிழ்ந்து மீள்கின்றான்.

அவன் மகள் உஷை, முன் கண்டும் கேட்டும் அறியாத ஒருவனைக் கனவிற் காண்கின்றாள். அமைச்சன் மகளாகிய சித்திரலேகை தேவர், மாந்தர் முதலியோர் உருவங்களை வரைந்து காட்டுகின்றாள். கண்ணன் பேரன் அநிருத்தன் உருவைக் கண்டதும் உஷை நாணித் தலைகுனிகின்றாள். சித்திரலேகை தன் யோக ஆற்றலால் அவனைத் துவாரகையிலிருந்து கொணர்கின்றாள். காவலர் உரைப்பக் கேட்டு மகள் மாடம் புகுந்த வாணன், அவளொடு சூதாடியிருந்த அநிருத்தனைக் காண்கின்றான், நாகபாசத்தாற் பிணிக்கின்றான். கண்ணன் படையெடுத்து வந்து அவன் தோள்களைத் துணிக்கின்றான்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தந்தை விழித்திருந்து வேண்டியது ஒரு போர். மகள் உறங்கியிருந்து கண்டது ஒரு மணம். இவ்விரண்டையும் நிறைவேற்றியது ஒரே வருகை. வாணன் தன் மகளின் கனவைத் தன் குலத்திற்கு நேர்ந்த இழுக்கு எனக் கருதிச் சினந்தான். ஆயின், அவன் நெடுநாள் வேண்டிய வரம் அக்கனவின் வழியாகவே அவன் வாயிலுக்கு வந்தது. அவன் வேண்டியதை மகள் கொணர்ந்தாள். அதனை அவன் அறிந்திலன்.

இனி, குடிவழியை எண்ணிக் காண்போம். இரணியன் மகன் பிரகலாதன். அவன் மகன் விரோசனன். அவன் மகன் மாவலி. அவன் மகன் வாணன். அவன் மகள் உஷை. ஆகவே, உஷை இரணியனுக்கு ஆறாந் தலைமுறையினள். இக்குடியில் வழிவழி வந்த கனவுகள் இரண்டு. ஆற்றலால் உலகை அடக்கும் கனவு ஒன்று. அஃது இரணியனிடம் தொடங்கி வாணன் வரை வந்தது. தந்தை காணாத ஒன்றைத் தான் கண்டு, கண்டதில் நிலைபெறும் கனவு மற்றொன்று. அது பிரகலாதனிடம் தொடங்கியது. ஆண்மக்களாகிய மாவலியும் வாணனும் அரசுரிமை பெற்றனர். பிரகலாதன் உரிமையின் மறுபாதியோ உஷையிடம் வந்து சேர்ந்தது. தூணில் இறைவனை மகன் கண்டதும், உறக்கத்தில் தலைவனை மகள் கண்டதும் தந்தைக்குப் புலனாகாத காட்சிகளே. இரண்டிடத்தும் தந்தை சினந்து சிறைசெய்கின்றான். இரண்டிடத்தும் திருமால் வருகின்றான்.

ஆனால் முடிபு ஒன்றன்று. இரணியன் மாய்ந்தான், வாணன் பிழைத்தான். ஏன் பிழைத்தான்? பிரகலாதன் வழிவந்தோரைக் கொல்வதில்லை என அவனுக்கு முன்னர் வரமளித்தமையால் வாணனைக் கொல்லாது நான்கு தோள்களை விட்டுவைத்ததாகக் கண்ணன் கூற்றாகவே பாகவதம் உரைக்கின்றது. முன்னோன் ஒருவன் தன் தந்தையோடு முரணிப் பெற்ற வரம், தன் மகளோடு முரணிய கொள்ளுப்பேரனைக் காத்தது. இதனினும் நுட்பமாகத் தந்தைமக்கள் உரிமையைக் காட்டும் கதை அரிது என்க. பிரகலாத நாடகத்தைக் கண்ட ஊரே அடுத்த இரவொன்றில் உஷையின் நாடகத்தைக் காணும்போது, முதல் நாடகத்து வரம் இரண்டாம் நாடகத்திற் பயன் தருவதை உணரும்.

காலக்குறிப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. வைசாக வளர்பிறைத் துவாதசியன்று கனவில் வருபவனே கணவனாவான் எனப் பார்வதி உஷைக்கு உரைத்ததாக விஷ்ணு புராணம் கூறும். துவாதசிக்கு இரண்டாம் நாள் சதுர்த்தசி. அதுவே நரசிங்கர் தோன்றிய நாள். மெலட்டூரார் இதனைக் கருதியே இந்நாடகத்தை இவ்விழாவிற் சேர்த்தனர் என்று யாம் துணியவில்லை. எனினும், இப்பொருத்தம் புறக்கணித்தற்குரியதன்று.

தமிழ் மரபில் வாணன் நகர்

தெலுங்கு நாடகத்திற்குத் தமிழாராய்ச்சியில் இடமென்னை என வினவுவார் உளர். அவர்க்கு விடை சிலப்பதிகாரக் கடலாடு காதையில் உள்ளது. மாதவி ஆடிய பதினோராடலுட் குடம், பேடு, கடையம் ஆகிய மூன்றும் வாணன் நகரோடு தொடர்புடையன என்பது அடியார்க்குநல்லார் உரையாற் பெறப்படும். உஷை காரணமாக அநிருத்தன் சிறைப்பட்டபோது திருமால் அந்நகர வீதியில் நின்று ஆடியது குடக்கூத்து. அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் ஆடியது பேடு. அயிராணி உழத்தி வடிவில் வடக்கு வாயிற்கண் வயலில் நின்று ஆடியது கடையம். பேட்டினை மணிமேகலையும் மலர்வனம் புக்க காதையிற் குறிக்கின்றது. எனவே, மெலட்டூர் நாடகம் தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே இக்கதை தமிழ்நாட்டில் ஆடலாக விளங்கிற்று என்பது தெளிவு.

இவற்றுட் பேடு நம் பொருட்கு மிக நெருங்கியது. அநிருத்தனின் தந்தை பிரத்தியும்நன், காமனின் மறுபிறப்பு. ஆகவே, பேடு என்பது மகனை மீட்கத் தந்தை ஆடிய ஆடல். மகன் பொருட்டுத் தன் ஆண்கோலத்தையே துறக்கின்றான் அத்தந்தை. மகள் பொருட்டுத் தன் ஆயிரந் தோள்களுள் ஒன்றனையும் தாழ்த்த ஒருப்படவில்லை இத்தந்தை. இருவரையும் ஒரே நகரில் எதிரெதிர் நிறுத்திக் காட்டியது தமிழ்க்கூத்து மரபு.

உரிமை யாருக்கு?

இத்துணையும் கதை பற்றியது. இனி ஆடுவோர் பற்றி ஒன்று கூறாது விடின் ஆராய்ச்சி நிறைவுறாது. மகளின் கனவைப் பொருளாகக் கொண்ட இந்நாடகத்தில் மகள் வேடம் மகனுக்கே உரியது. ஒத்திகை நிகழும் வீடுகளில் வளரும் பெண்மக்கள் செவியில் உஷையின் தரு விழாதிருக்குமோ? கேட்டும் பயின்றும் அறிந்த ஒன்று அவர்கட்கு அரங்கின் கீழ் அமர்ந்து காண்பதோடு நின்றுவிட்டது.

இஃது இறைவழிபாட்டைச் சார்ந்த கட்டுப்பாடு என்பர். விரதம் பூண்டு ஆடுவோரின் பத்தியை யாம் குறைத்து மதிப்பேம் அல்லேம். ஆண்மகன் பெண்ணாகி நின்று அவள் துயரைத் தன் துயராகக் கொள்ளும் பயிற்சி எளிதன்று. காமன் ஆடிய பேட்டின் நெறியும் அதுவே. ஆயினும், பெண் ஆடலாகாது என்பது இக்கதையின் மரபு ஆகாது. வாணன் நகர்க்குரிய ஆடல்களைப் புகாரில் ஆடியவள் மாதவி. தஞ்சையில் விசயராகவ நாயக்கர் (1634–1673) அவையில் உஷா பரிணயம் என்னும் தெலுங்கு நூலை இயற்றியவர் இரங்காஜம்மாள் என்னும் பெண்பாற் புலவர். ஆடலிலும் நூலிலும் பெண்டிர்க்கு இக்கதையில் இருந்த உரிமையை வரலாறு மறைக்கவில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். உஷா பரிணயம் பிரகலாத சரித்திரத்தின் தொடர்ச்சியாகக் காணத்தக்கது என்பது ஒன்று. வாணன் கதையைக் கூத்தாக ஆடும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழைமையானது என்பது மற்றொன்று. தந்தை விட்டுச்செல்லும் செல்வத்துள் எது நின்று பயன்தரும் என்பதைத் தந்தை அறிவதில்லை என்பது மூன்றாவது. வாணனை இறுதியிற் காத்தவை அவன் பேணிய தோள்கள் அல்ல. அவன் எண்ணிப் பாராத பிரகலாதன் பெற்ற வரமே காத்தது. அவ்வரம் பயன்படும் நாளை அவன் வாயிலுக்குக் கொணர்ந்தது அவன் சினந்த மகளின் கனவு. நலிவுற்ற காலத்தும் சிலர் முயற்சியாற் பிழைத்த ஊர்க்கூத்து இது. இனி அதனைக் காப்போர் யாவர் என எண்ணுமிடத்து, வாணன் செய்த பிழையை நினைவிற் கொள்ளுதல் நலம். உரிமை எக்குழவியின் கையில் வந்து தங்கியுள்ளது என்பதைத் தேடிக் காண்பது இக்கலையைப் பேணுவோர் கடன்.