மார்ட்டன் சுட்ட படகுகள்

டட்லி மார்ட்டன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா தலைமேல் வைத்துக் கொண்டாடிய நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். நேவி கிராஸ் பதக்கம் மட்டும் நாலு. நானும் இவரோட ரசிகன்தான், 1943 ஜனவரி 26-ஐப் பத்திப் படிக்கிற வரைக்கும்.

அன்று நியூ கினிக்கு வடக்கே இவருடைய ‘வாஹூ’, புயோ மாரு என்ற ஜப்பானியத் துருப்புக் கப்பலை டார்பிடோ அடித்து மூழ்கடித்தது. அப்புறம் மேலே வந்து, தப்பியவர்களின் படகுகளையும் சுட்டது. அங்கிருந்தும் சுட்டாங்கன்னு வாஹூ தரப்பு சொன்னது. சரி, போர்தானே என்று விட்டுவிடலாம். ஆனா அந்தக் கப்பலில் ஜப்பான் பிடிச்சு வெச்சிருந்த இந்தியப் போர்க்கைதிகள் இருந்தாங்க, பஞ்சாப் ரெஜிமென்ட்காரங்க. அதாவது, மார்ட்டனோட கூட்டணி ஆளுங்க! டார்பிடோ, துப்பாக்கி எல்லாம் சேர்த்து இறந்த இந்தியர்கள் 195, ஜப்பானியர்கள் 87.

மார்ட்டன் எதையும் மறைக்கல, படகுகளைச் சுட்டதை ரிப்போர்ட்லயே எழுதினார். அந்தப் பயணத்துக்கும் பதக்கம் கொடுத்தாங்க. அதே வருஷம் அக்டோபரில் லா பெரூஸ் நீரிணையில் வாஹூ எல்லாரோடும் மூழ்கியது. இந்தியக் கைதிகள் விஷயம் பரவலா வெளியே வந்தது ரொம்ப வருஷம் கழிச்சுதான்.