பெயர்ந்த அணியும் தங்கிய கடனும்

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து, 1920-இல் தோன்றிய தேசியக் கால்பந்து லீக் என்னும் அமைப்பின்கீழ் தொழில்முறை ஆட்டமாக வளர்ந்தது. இவ்வமைப்பில் ஓர் அணி என்பது பெரும்பாலும் தனியார் உடைமை. அது எந்த ஊரின் பெயரைத் தாங்கி ஆடினாலும், உரிமையாளர் விரும்பி, லீக்கின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பினால், வேறு ஊருக்குப் பெயர்ந்துவிடலாம். அணிகளின் எண்ணிக்கையையும் உரிமையாளர்களே வரையறுப்பதால், அணியை நாடும் நகரங்கள் எப்போதும் இருக்கும் அணிகளைவிட மிகுதியாகவே இருந்துவந்துள்ளன. இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு நகரம் என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அந்நகரம் இரண்டு அணிகளை வரவழைத்து, இரண்டையும் இழந்தது.

அணிகள் ஏன் பெயர்கின்றன என்பதை அறிய, லீக்கின் வருவாய்ப் பங்கீட்டை முதலில் அறிய வேண்டும். 1961-இல் இயற்றப்பட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், எல்லா அணிகளின் தொலைக்காட்சி உரிமைகளையும் ஒன்றாகத் திரட்டி விற்க லீக்குக்கு இசைவளித்தது. அவ்வாறு வந்த தொகை அணிகளுக்குச் சமமாகப் பகிரப்பட்டதால், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே நகரின் அணியும் நியூயார்க் அணியும் அவ்வகையில் ஒரே தொகையைப் பெற்றன. நுழைவுச்சீட்டு வருவாயிலும் வருகைதரும் அணிக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் செல்வந்தர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஆண்டு வாடகைக்கு விடப்படும் சொகுசு அறைகள், அரங்கினுள் வைக்கப்படும் விளம்பரங்கள், வண்டி நிறுத்தக் கட்டணம் முதலியவற்றின் வருவாய் பங்கீட்டுக்கு உட்படவில்லை. ஆகவே ஓர் உரிமையாளர் மற்றவரைவிடக் கூடுதலாக ஈட்டுவதற்கிருந்த முதன்மையான வழி, தனக்குச் சாதகமான குத்தகையோடு கூடிய புதிய அரங்கமே ஆயிற்று. சிறிய ஊர்களைக் காக்க வந்த சமப்பங்கீடு, இவ்வாறு எல்லா ஊர்களையும் அரங்கப் போட்டிக்குள் தள்ளியது.

இவ்விரு அணிகளுள் முதலாவதாகிய கார்டினல்ஸ், 1960-இல் சிகாகோவிலிருந்து வந்தது. 1966 முதல் அது பேஸ்பால் அணியோடு ஓர் அரங்கைப் பகிர்ந்துகொண்டது; கால்பந்துக்கெனத் தனி அரங்கம் வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறாத நிலையில், உரிமையாளர் பில் பிட்வில் 1988-இல் அணியை அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் பகுதிக்குக் கொண்டுசென்றார். இத்தகைய பெயர்வுகளைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு முன்பே லீக்கிடம் குன்றியிருந்தது. ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குச் செல்வதை லீக் மறுத்தபோது, போட்டியை ஒடுக்கும் கூட்டுச்செயல்களைத் தடைசெய்யும் சட்டத்தின்கீழ் தொடுக்கப்பட்ட வழக்கில் 1982-இல் லீக் தோற்றது. 1984 மார்ச்சில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை அரசுடைமையாக்க மேரிலாந்து சட்டமன்றம் முனைந்தபோது, அணியின் உடைமைகள் முழுவதும் ஒரே இரவில் லாரிகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபோலிஸுக்குச் சென்றுவிட்டன.

அணியை இழந்த செயின்ட் லூயிஸ், அணி கிடைப்பதற்கு முன்பே அரங்கைக் கட்டத் தொடங்கியது. மாநாட்டு மையத்தோடு இணைந்த அந்தக் கூரை அரங்கின் கடனில் பாதியை மிசௌரி மாநிலமும், எஞ்சியதை நகரமும், அதைச் சூழ்ந்து தனி நிர்வாகம் கொண்டுள்ள செயின்ட் லூயிஸ் கவுண்டியும் சமமாக ஏற்றன. தவணைக்கும் பராமரிப்புக்குமாக ஆண்டுதோறும் 2.4 கோடி டாலர் தேவைப்பட்டது. கடன் பத்திரம் வாங்குவோர் பெறும் வட்டிக்குக் கூட்டாட்சி வருமான வரியிலிருந்து விலக்கு இருந்தால், நகரங்கள் குறைந்த வட்டிக்குக் கடன் பெறலாம். ஆனால் 1986-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், தனியார் பயன்படுத்தும் கட்டடமாயின் கடனில் 10 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் தரும் தொகையால் அடைக்கப்படலாகாது என்று நிபந்தனை விதித்தது. பொதுப்பணம் அரங்குகளுக்குச் செல்வதைத் தடுக்க எண்ணிய அவ்விதி, விலக்கை இழக்க விரும்பாத நகரங்களை வாடகையைக் குறைத்துக் கடனை மக்களின் வரியிலிருந்தே அடைக்கச் செய்தது.

1993-இல் லீக் வழங்கிய இரண்டு புதிய அணிகளும் சார்லட், ஜாக்சன்வில் ஆகிய நகரங்களுக்குப் போய்விடவே, ஆடுவோர் இல்லாத அரங்கை நிரப்ப வேண்டிய நெருக்கடியில் செயின்ட் லூயிஸ் பேரம் பேச நேர்ந்தது. 1995-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தை விட்டு அங்கு வந்தது. நாட்டின் இரண்டாவது பெரிய மாநகர்ப் பகுதியைத் துறந்து அதைவிட மிகச் சிறிய ஊருக்கு ஓர் அணி வந்த விந்தைக்கு, முன்சொன்ன பங்கீடே விளக்கம்: தொலைக்காட்சிப் பணம் எங்கிருந்தாலும் மாறாது, சொகுசு அறைகளின் பணம் அரங்கைப் பொறுத்தது. லீக் முதலில் மறுத்து, பின்னர் பெயர்வுக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒப்புதல் அளித்தது.

செயின்ட் லூயிஸ் அளித்த சலுகைகளுள் ஒன்று பின்னாளில் ஊருக்கே வினையாயிற்று. 30 ஆண்டுக் குத்தகையின்படி, 2005-லும் 2015-லும் அந்த அரங்கம் லீக்கின் அரங்குகளுள் முதல் கால்பகுதியில் இடம்பெறும் தரத்தில் இருக்க வேண்டும். தவறினால் அணி விலகலாம். பிற நகரங்கள் புதிய அரங்குகளைக் கட்டிக்கொண்டே இருக்கும் காலத்தில், இது முடிவற்ற செலவுக்குத் தரப்பட்ட வாக்குறுதியாகும். 2013-இல் நடுவர் குழு ஏற்ற அணியின் சீரமைப்புத் திட்டத்துக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர் தேவை என மதிப்பிடப்பட்டபோது, நகரத் தரப்பு அதைக் கைவிட்டது. 2016 ஜனவரியில் உரிமையாளர்கள் 30-க்கு 2 என்ற வாக்குகளில் இசைவளிக்க, ராம்ஸின் உரிமையாளர் ஸ்டான் குரோன்கே அணியை லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கே திருப்பிக் கொண்டுசென்றார்.

அரங்குகளுக்குச் செய்யும் செலவால் ஊருக்குப் பொருளாதார ஆதாயம் உண்டா என்பதை ஆராய்ந்து, 1997-இல் ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் தொகுத்த நூல், அரங்குகளால் உள்ளூர் வளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதில்லை என்று காட்டியது. ஓர் ஊரில் பருவத்துக்குப் பத்து ஆட்டங்கள் அளவிலேயே நடைபெறுகின்றன. அரங்கில் செலவாகும் பணமும் பெரும்பாலும் அதே ஊரின் உணவகங்களிலும் திரையரங்குகளிலும் செலவாகியிருக்கக்கூடிய பணமே. இதனைப் பொருளியலார் பதிலீட்டு விளைவு என்பர்.

தன் இடப்பெயர்வு விதிகளை லீக்கே மீறியது என்று நகரமும் கவுண்டியும் அரங்க ஆணையமும் 2017-இல் தொடுத்த வழக்கு, 2021 நவம்பரில் 79 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது. புதிய அணி எதுவும் அந்த உடன்பாட்டில் இடம்பெறவில்லை. ராம்ஸ் அணி ஊரைவிட்டுச் சென்ற பின்னரும், அந்த அணி ஆடிய அரங்கின் கடனை மாநிலமும் நகரமும் கவுண்டியும் ஆண்டுக்கணக்கில் செலுத்திக்கொண்டே இருந்தன.